பாறையைப் படித்தவரால் கெட்ட தண்ணீரை மீட்க முடியுமா?

“நிலவியல் இறுதியாண்டு படிக்கிறேன். எண்ணெய், கனிமம் தேடுகிற படிப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சுற்றுச்சூழல் பிரச்சினைகளை நிலவியலால் தீர்க்க முடியுமா, அல்லது எல்லாம் கெட்ட பிறகு ஏன் கெட்டது என்று விளக்க மட்டும்தான் முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிலவியலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்பு உண்டா என்பது உங்கள் சந்தேகம் இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடும். தண்ணீர் கெட்டுப்போன ஓர் இடத்துக்குப் பாறை தெரிந்த ஒருவர் போனால், அவர் போனதால் ஏதாவது மாறுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. நிலத்தடி நீர் மாசுபாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாறும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை நாம் கட்டுவதில்லை, சட்டத்தையும் நாம் எழுதுவதில்லை. மாசு எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு காலம் தங்கும் என்று சொல்வதுதான் நம் வேலை. இந்த மூன்றும் தெரியாமல் தொடங்கும் சுத்திகரிப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் பள்ளம் தோண்டுவதில் முடிகிறது.

வழி என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பிரான்ஸின் டிஜோன் நகருக்குக் குடிநீர் ஏற்பாடு செய்த ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அது எந்த விகிதத்தில் கசிகிறது என்று அளந்து 1856-இல் எழுதினார். நிலத்தடி நீர் பற்றிய கணக்குகள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவர் தந்த சமன்பாட்டில் ஊடுருவுதிறன் என்று ஓர் எண் வருகிறது, நிலம் தண்ணீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதன் அளவு அது. சரளைக்கும் களிமண்ணுக்கும் நடுவே அந்த எண் ஒரு கோடி மடங்குக்கும் மேல் வேறுபடும். மற்ற துறைகளில் ஓர் அளவு இரண்டு மடங்கு தவறினாலே கவலைப்படுவார்கள். நம் துறையில், நிலத்தடியில் இருப்பது களிமண்ணா சரளையா என்று தெரியாவிட்டால் கணக்கு போடுவதே வீண். ஒரே அளவு எண்ணெய் ஒரே நாளில் இரண்டு இடங்களில் கொட்டினாலும், ஒரு இடத்தில் அது சில அடி ஆழத்திலேயே நின்றுவிடும், இன்னொரு இடத்தில் ஊரின் குடிநீர்க் கிணற்றை எட்டிவிடும். கொட்டிய பொருள் ஒன்றுதான், நிலம் வேறு.

சுண்ணாம்புக்கல் நிலம் இதற்கு நல்ல பாடம். தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகே டான்யூப் ஆற்றின் தண்ணீர் ஆற்றுப்படுகைக்குள்ளேயே இறங்கிக் காணாமல் போகும். 1877-இல் அடோல்ஃப் நோப் என்ற நிலவியலாளர் அங்கே 10 கிலோ சாயத்தைக் கரைத்தார், கூடவே உப்பும் எண்ணெயும் விட்டார். ஏறக்குறைய 60 மணி நேரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஹ் ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தபடி வெளியே வந்தது. ஆஹ் ஊற்றின் தண்ணீர் ரைன் ஆற்றில் சேர்வது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், பாறைக்குள் வழி மாறி வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரையின் மேல் வரைந்த எந்த வடிநில வரைபடமும் இதைக் காட்டியிருக்காது. சாயம் விட்டுப் பார்க்கும் முறையை இன்றும் பயன்படுத்துகிறோம், அளவு மட்டும் மிகக் குறைந்துவிட்டது.

அப்படி ஒரு பாறையின் மேல் கிணறு வைத்ததன் விலை 2000-ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டன் என்ற சிறிய ஊரில் தெரிந்தது. பெருமழைக்குப் பிறகு, அருகிலிருந்த பண்ணை நிலத்தில் இட்ட மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஆழம் குறைந்த ஒரு நகராட்சிக் கிணற்றுக்குள் இறங்கின. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் வரை நோயுற்றார்கள். குளோரின் சேர்ப்பதிலும் கண்காணிப்பதிலும் நடந்த தவறுகள் விசாரணையில் விரிவாகப் பேசப்பட்டன, அது சரிதான். ஆனால் அந்தக் கிணற்றின் மேல் மண் மூட்டம் மெலிது, அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த பாறை. மண்ணில் மெதுவாக வடிகட்டப்படும்போது சாக வேண்டிய கிருமி, வெடிப்பு வழியாக ஓடும்போது சாவதற்கு நேரமே இல்லை. கிணற்றைச் சுற்றி இத்தனை மீட்டர் பாதுகாப்பு வட்டம் என்று எல்லா நிலத்துக்கும் ஒரே விதி எழுதினால் எனக்குப் பதற்றம் வருவது இதனால்தான்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கழிவுநீர்க் குட்டை ஒன்றிலிருந்து கசிவு. குட்டைக்கு மிக அருகில் இருந்த கிணறு நன்றாக இருந்தது, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்துக் கிணறு நன்றாக இருப்பதால் குட்டைக்குத் தொடர்பில்லை என்று ஆலைத் தரப்பு வாதிட்டது. அப்போது மூன்று துளைக்கிணறுகளின் நீர்மட்டத்தை வைத்து ஓட்டத் திசையை வரைந்தவன் நான். என் வரைபடமும் அவர்கள் வாதத்துக்கே துணையாக இருந்தது. நான்காவது துளை போட்டபோதுதான் நடுவே ஒரு டைக் இருப்பது தெரிந்தது. கிரானைட்டுக்குள் சுவர்போலச் செங்குத்தாக ஊடுருவி நிற்கும் கரிய பாறை அது. தண்ணீர் அதைக் கடக்க முடியாமல், அதன் ஓரமாக இருந்த வெடிப்பு வழியே திரும்பித் தூரத்துக் கிணற்றுக்குப் போயிருக்கிறது. அருகில் இருந்த கிணறு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தப்பியது. அந்த டைக்கின் தலைப்பகுதி வயலில் கரும்பாறை வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நடந்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருக்கலாம். நான் மேசையில் இருந்த எண்களை நம்பினேன், தாமதமான அந்த மாதங்களில் ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் முழுவதும் நடப்பதுதான் என் வழக்கம்.

நிலவியல் அறிவு தீர்வையே மாற்றியதற்கு வங்காளப் படுகையின் நிலத்தடி நீரில் கலந்த ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. குளத்துநீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாவதைத் தடுக்க, 1970-களிலிருந்து வங்கதேசத்தில் இலட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நோக்கம் நல்லது, பலனும் கிடைத்தது. ஆனால் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் தோல் நோயாளிகளிடம் முதலில் அது கண்டுபிடிக்கப்பட்டது. வங்கதேசத்தில் 1998-99-இல் எடுத்த ஆய்வில், 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் அந்த நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம்தான்.

ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? அதிகமாக நீர் இறைத்ததால் நீர்மட்டம் இறங்கி, காற்றுப் பட்ட பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) சிதைந்து ஆர்சனிக்கை விடுகிறது என்பது ஆரம்பத்தில் வலுவாக இருந்த ஒரு விளக்கம். அது உண்மையாக இருந்தால் தீர்வு, பாசனத்துக்கு இறைப்பதை நிறுத்துவது. ஆனால் தண்ணீரின் வேதியியல் அதற்கு ஒத்துவரவில்லை. பைரைட் சிதைந்தால் அதன் கந்தகம் சல்பேட்டாகித் தண்ணீரில் ஏற வேண்டும். ஆர்சனிக் அதிகமான கிணறுகளில் சல்பேட் குறைவாகவும் கரைந்த இரும்பு அதிகமாகவும் இருந்தது. இமயமலையிலிருந்து வந்த மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும், ஆர்சனிக் அந்தப் பூச்சில் பிடித்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் மட்கிய கரிமப் பொருளைத் தின்னும்போது அந்த இரும்பைக் கரைக்கின்றன, பிடித்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் கலக்கிறது. இன்று பெரும்பாலோர் ஏற்பது இந்த விளக்கத்தைத்தான். காற்று புகுந்ததால் வந்த வினை என்று நினைத்தது, காற்று இல்லாததால் வந்த வினையாக முடிந்தது.

இங்கிருந்து தீர்வுக்குப் போன வழிதான் என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. ஆறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாக வெட்டின, அப்போதே பழையதாக இருந்த மணல் மேடுகள் காற்றும் மழையும் பட்டுத் துருவேறி ஆரஞ்சு நிறமாயின. பிறகு கடல் ஏற, பள்ளத்தாக்குகளில் புதிய சாம்பல் நிற மணல் தாவரக் கழிவோடு வந்து நிரம்பியது. சாம்பல் மணலில் ஆர்சனிக் கரைகிறது. ஆரஞ்சு மணலில் இரும்புப் பூச்சு இன்னும் அழியாமல் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே துளையிடும்போது வெளியே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே எந்த அடுக்கில் குழாயை நிறுத்துவது என்று ஓரளவு முடிவு செய்யலாம். துளையிடும் தொழிலாளர்கள் பலர் இதைத் தங்கள் கண்ணாலேயே பழகிக்கொண்டார்கள். பனியுகத்தில் ஓர் ஆறு எங்கே ஓடியது என்ற கேள்வி, இன்று ஒரு வீட்டுக் குழாயை எத்தனை மீட்டரில் நிறுத்துவது என்ற முடிவாக மாறிவிட்டது. உங்கள் கேள்விக்கு என் பதிலை ஒரே உதாரணத்தில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இதிலும் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரும்பு கரைவதால் ஆர்சனிக் வெளிவருகிறது என்பதில் சந்தேகம் குறைவு. அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகும் கரிமப் பொருள் படிவத்தோடு புதைந்த பழைய தாவரமா, அல்லது குளங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் புதிதாக இறங்குவதா என்பதில் விவாதம் தொடர்கிறது. இது ஏட்டுச் சண்டை இல்லை. புதிதாக இறங்குவது என்றால், நாம் இறைப்பதே நிலைமையை மோசமாக்கும். இன்று நல்லதாக இருக்கும் ஆழமான அடுக்கிலிருந்து பாசனத்துக்கும் அள்ளினால், மேலிருக்கும் கெட்ட தண்ணீர் மெல்ல அதற்குள் இறங்கலாம். அப்புறம், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு பல மடங்கு வேறுபடுவதால், மணலின் நிறம் எதைச் சொன்னாலும் ஒவ்வொரு கிணற்றையும் சோதித்தே ஆக வேண்டும். வரைபடம் பார்த்து ஒரு கிணற்றுக்கு நற்சான்று கொடுக்க என்னால் முடியாது, வேறு யாராலும் முடியாது.

மாசின் மூலத்தைக் கண்டுபிடிப்பதில் நிலவியலின் கை எவ்வளவு நீளும் என்பதற்குக் கிளேர் பேட்டர்சனின் வாழ்க்கை போதும். விண்கல்லில் உள்ள ஈய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் வெளியிட்டவர் அவர். அந்த அளவீட்டின்போது எங்கு பார்த்தாலும் ஈயம் ஒட்டிக்கொண்டு அவர் கணக்கைக் கெடுத்தது, ஆய்வகக் காற்றில்கூட. இந்த ஈயம் எப்படி வந்தது என்று கேட்டவர், கடல்நீருக்கும் கிரீன்லாந்தின் பனி அடுக்குகளுக்கும் போனார். பெட்ரோலில் சேர்த்த ஈயம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது என்று காட்டினார். மனிதர் உடலில் அப்போது இருந்த ஈயம் இயல்பான அளவுதான் என்று தொழில்துறை சொல்லிவந்தது. பழைய பனியை வைத்து, இயல்பான அளவு எவ்வளவு என்று அவர் எதிர்த்து நின்றார். அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் 1996-இல் முழுதாக நின்றது, உலகில் கடைசியாக அதை நிறுத்திய அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. மனிதர் கைபடும் முன் எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் பனியிலும் ஏரிச் சேற்றிலும் அடுக்கடுக்காக இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல், இவ்வளவு கெட்டுவிட்டது என்று சொல்லவே அடிப்படை கிடையாது.

மாசு என்றாலே தொழிற்சாலை என்று நினைத்துவிடவும் கூடாது. யுரேனியம் உள்ள பாறையிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுத் தரை வழியாக உள்ளே வருகிறது, பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு அதுவே காரணம். தீர்வு எளிது, தரைக்குக் கீழே ஒரு குழாயும் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியும் போதும். எந்த வீடுகளில் முதலில் அளக்க வேண்டும் என்பதைப் பாறை வரைபடம் சொல்லும்.

சுரங்கங்களின் அமில நீர் இதற்கு நேர் எதிர், அங்கே எளிய தீர்வு கிடையாது. நிலத்துக்குள் அடைபட்டிருந்த பைரைட், தோண்டியதும் காற்றும் நீரும் பட்டு கந்தக அமிலமாகிறது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கடுமை) பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 என்று அளந்திருக்கிறார்கள். அமிலத்துக்கு மருந்து சுண்ணாம்புக்கல்தானே, வாய்க்காலில் கொட்டினால் போதாதா என்று கேட்பார்கள். கொட்டினால் முதலில் நன்றாக வேலை செய்யும். பிறகு தண்ணீரிலுள்ள இரும்பு, காற்றுப் பட்டுத் துருவாகிக் கற்களின் மேல் ஓடுபோலப் படிந்துவிடும், கல் உள்ளே இருந்தும் பயனில்லை. அதனால் சில இடங்களில் சுண்ணாம்புக்கல்லைக் காற்றுப் படாமல் மண்ணுக்குள் மூடிய வாய்க்காலாகப் போடுகிறோம். ஆக்சிஜனோ, மூன்றாம் நிலை இரும்போ (ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகப் படியும் இரும்பு), அலுமினியமோ ஏற்கெனவே அதிகமாகத் தண்ணீரில் இருந்தால் அந்த முறையும் அடைத்துக்கொள்ளும். எந்தத் தண்ணீருக்கு எது என்பது தண்ணீரையும் பாறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். உண்மையான தீர்வு தோண்டுவதற்கு முன்னால் இருக்கிறது. கழிவாகப் போகப்போகும் பாறையில் எவ்வளவு பைரைட், அதைச் சமன் செய்ய எவ்வளவு கார்பனேட் (சுண்ணாம்புக்கல் வகைக் கனிமம்) என்று, துளையிட்டு எடுக்கும் உருளைப் பாறைத் துண்டுகளான கோர் மாதிரிகளிலேயே அளந்து, அமிலம் தரும் பாறையைத் தனியாக மூடி வைப்பது. இந்தக் கணக்கைப் போடுவதும் நிலவியலாளர்தான், சுரங்கத்தில் சம்பளம் வாங்கும் அதே நிலவியலாளர். ஆகவே கனிமம் தேடும் வேலைக்குப் போனால் சுற்றுச்சூழலைக் கைவிட்டதாக எண்ணாதீர்கள்.

நிலத்துக்குள் எதையாவது வைப்பது பற்றி நான் நம்பிக்கையும் பயமும் கலந்தே பேசுவேன். ஐஸ்லாந்தில் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறைக்குள் செலுத்தினார்கள். பசால்ட்டிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இரும்பும் அதைக் கார்பனேட் கல்லாக்கின. 2012-இல் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-இல் வெளியிட்டார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும், பசால்ட்டும் வேண்டும், இரண்டும் எங்கும் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், 1962-இல் அமெரிக்காவின் டென்வர் அருகே 3.6 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கிணற்றில் இரசாயனக் கழிவு நீரைச் செலுத்தத் தொடங்கியதும் நிலநடுக்கங்கள் வந்தன. 1966-இல் நிறுத்தினார்கள். பெரிய நடுக்கங்கள் 1967-இல், நிறுத்திய பிறகு வந்தன. உள்ளே ஏற்றிய அழுத்தம் தன் வேகத்தில்தான் பரவும், நாம் வால்வை மூடியது அதற்குத் தெரியாது.

நிலம் தாழ்வதும் அப்படித்தான், ஒரு பகுதி மீளாது. நீர் இறைக்க இறைக்கக் களிமண் அடுக்கு நசுங்கி, பிறகு நீர் திரும்பினாலும் நிமிர்வதில்லை. டோக்கியோவின் சில பகுதிகள் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தன, இறைப்பதைக் கட்டுப்படுத்தியதும் தாழ்வது பெரும்பாலும் நின்றது. நீர்மட்டம் மறுபடி ஏறியபோது, தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய நிலத்தடி ரயில் நிலையத்தை அந்த நீர் மேலே தள்ளியது, அதை நிலத்தோடு பிணைத்து வைக்க வேண்டியதாயிற்று.

சரி, நம் வரம்புகள். ஒரு துளையில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பது என் ஊகம், நல்ல ஊகமாக இருக்கலாம். மணல் படிவில் அந்த ஊகம் பெரும்பாலும் நிற்கும், வெடிப்புள்ள கடினப் பாறையில் அடிக்கடி தோற்கும். மாசு எந்தத் திசையில் போகும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்வேன், எந்த ஆண்டு கிணற்றை எட்டும் என்பதற்கு ஒரே எண் கேட்டால் கொடுக்க மாட்டேன், ஒரு வீச்சைத்தான் கொடுப்பேன். கணினி மாதிரியில் வண்ணப் படம் அழகாக வருவதால் அது உண்மையாகிவிடாது. இந்த அளவுத் தண்ணீரைக் குடித்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பது மருத்துவருடைய கேள்வி. யார் செலவு செய்ய வேண்டும் என்பது நம் படிப்பு பதில் சொல்லாத கேள்வி, ஆனால் அந்த வாதம் நடக்கும் அறையில் நம் வரைபடம்தான் மேசையில் விரிக்கப்பட்டிருக்கும். அதனால் அதில் தெரிந்த கோட்டை முழுக்கோடாகவும் ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்காதீர்கள்.

இறுதியாண்டில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆகவே ஒரு வேண்டுகோள். நீர் வேதியியலைத் தேர்வுப் பாடமாக எடுக்க முடிந்தால் எடுங்கள், பாறை தெரிந்து தண்ணீர் தெரியாதவர்கள் நம்மிடையே அதிகம். கூடவே, துளையிடும் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் நின்று, ஒவ்வொரு மீட்டருக்கும் வெளியே வரும் மண்ணைக் கையில் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே அதன் நிறத்தையும் துகள் அளவையும் நோட்டில் எழுதுங்கள். காய்ந்த பிறகு நிறம் மாறிவிடும்.